காதல் என்ற சொல் இல்லாத காதல் பாட்டு

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொருகும் நேரம் என்பதால் ஒரு பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். “தாராளமாகப் பேசுங்கள் டீச்சர், என்ன பாட்டு?” என்றார். “காதல் பாட்டு” என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. இங்கே இருக்கும் உங்களில் சிலர் முகமும் இப்போது மாறுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காதல் பாட்டா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது.

‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ என்ற கார்ட்டூன் படம் 1991இல் வெளிவந்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் இசைச் சித்திரம். படத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஒரு மெல்லிய பாட்டு அதில் உண்டு. உருவம் பார்த்தால் நடுங்கவைக்கும் மிருகமும் பெல் என்ற பெண்ணும் பெரிய மண்டபத்தில் நடனம் ஆடும்போது அது ஒலிக்கும். அந்தப் பாட்டை வகுப்பில் நான் எப்படிப் பயன்படுத்தினேன், அதில் எங்கே தடுமாறினேன், பிள்ளைகள் எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் செய்த தவறு

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில், ஒரு மாணவன் எழுதிய கடிதம் ஒரு மாணவியின் நோட்டுக்குள் இருந்தது. அது என் கையில் கிடைத்தது. எழுதியவன் யார் என்று தெரிந்துகொள்வதற்காக வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாகப் படித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்து நின்றான். அவனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை எழுதாத அந்த மாணவி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போனபோது, “இனிமே அனுப்ப மாட்டோம் டீச்சர், ஊரே பேசுது” என்று அவளுடைய அம்மா சொன்னார். அவளைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்து வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. வந்த பிறகும் என் வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை. அந்தக் கடிதத்தைப் படித்த இரண்டு நிமிடத்தில் நான் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தேன்? காதல் என்றால் வெட்கக்கேடு என்று பையன்களுக்கும், எது நடந்தாலும் பழி உனக்குத்தான் என்று பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். அன்றிலிருந்து இந்தப் பேச்சை வகுப்பில் எப்படித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேடலில்தான் இந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

பாட்டு பிறந்த கதை

பாடலை எழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன். இசையமைத்தவர் ஆலன் மென்கென். 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்து ஆஸ்கர் விருது பெற்றார்கள். அந்த விருதுக்குப் பிறகுதான் தனக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதை ஆஷ்மன் தன் நண்பரிடம் சொன்னார். அந்த நோயின் பெயரைச் சொல்லவே மனிதர்கள் அஞ்சிய காலம் அது. நோயாளியைத் தொடவும் பயந்தார்கள்.

அவரால் கலிபோர்னியாவுக்குப் பயணம் செய்ய முடியாததால் படக்குழு அவரைத் தேடி வந்தது. நியூயார்க் மாநிலத்தில், அவருடைய வீட்டுக்குப் பக்கத்து ஊரில் ஒரு விடுதியில் தங்கி அவரோடு உட்கார்ந்து கதையை வளர்த்தார்கள். படத்தின் பாடல்களை எழுதிக் கொடுத்துவிட்டு, 1991 மார்ச் 14 அன்று ஆஷ்மன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40. படம் வெளியானது அதே ஆண்டு நவம்பரில். படத்தின் முடிவில் அவருடைய நினைவுக்குப் படத்தைக் காணிக்கையாக்கும் அட்டை ஒன்று வருகிறது. 1992இல் இந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அவர் சார்பில் அவருடைய வாழ்க்கைத் துணைவர் மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் நுழைந்த முதல் முழுநீளக் கார்ட்டூன் படமும் இதுதான்.

பாடியவரின் கதையும் சொல்லத் தக்கது. படத்தில் இதைப் பாடுவது மிசஸ் பாட்ஸ் என்ற தேநீர்க் கெண்டி. சாபத்தால் பொருளாக மாறிப்போன மாளிகைப் பணிப்பெண் அவர். குரல் கொடுத்தவர் நடிகை ஆஞ்சலா லான்ஸ்பரி. அறுபத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், தன் குரல் இதற்குச் சரிவராது, வேறு யாரையாவது பாடவையுங்கள் என்று தயங்கினார். கைவசம் இருக்கட்டும், ஒரே ஒரு முறை பாடிக் கொடுங்கள் என்று இயக்குநர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒலிப்பதிவுக்கு நியூயார்க் வந்த நாளில் அவர் ஏறிய விமானத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து தாமதமானது. களைப்போடு வந்து சேர்ந்தவர், காத்திருந்த வாத்தியக் குழுவோடு சேர்ந்து ஒரே முறை பாடினார். அந்த ஒரு பதிவுதான் படத்தில் இருக்கிறது.

“எனக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்” என்று ஒதுங்கும் பிள்ளைகளிடம் இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி சொல்வேன். பெரிய நடிகைக்கே அந்தத் தயக்கம் இருந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை வாசித்துப் பார் என்பேன். சிலர் வாசித்துவிடுவார்கள்.

ஐந்து தட்டு

இப்போது பாட்டின் மொழிக்கு வருகிறேன். நாம் ஆங்கில ஆசிரியர்கள் அல்லவா?

பாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வரிக்கும் அசையை எண்ணிக் கை தட்டச் சொல்லுங்கள். நம் யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசை வேறு. இங்கே நான் சொல்வது ஆங்கிலச் சொல்லின் ஒலித்துண்டு. ஒவ்வொரு வரியும் ஐந்து தட்டில் முடியும். தலைப்பைத் தட்டிப் பாருங்கள்: பியூ-ட்டி-அண்ட்-தி-பீஸ்ட், ஐந்து. எல்லாம் மிகச் சிறிய சொற்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே பெரும்பாலும் தெரிந்தவை. ஒரே ஒரு வரியில் மட்டும் ஐந்து தட்டையும் ஒரே சொல் எடுத்துக்கொள்கிறது. நினையாத ஒன்று நடந்துவிட்டதைக் குறிக்கும் சொல் அது. சின்னச் சின்னச் சொல்லாக நடந்து வந்த பாட்டில், வியப்பு வரும் இடத்தில் ஒரு நீளச் சொல் வந்து நிற்கிறது. அசை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதி விளக்க எனக்கு முன்பெல்லாம் ஒரு பாடவேளை ஆகும். இதில் பத்து நிமிடம் போதும்.

அடுத்து ஒரு தேடல். பாட்டின் வரிகளைக் கொடுத்து, காதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடிக்கோடிடச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தேடினார்கள். ஐந்து நிமிடம் கழித்து, “இல்லையே டீச்சர்” என்றார்கள். உண்மைதான், முழுப் பாட்டிலும் அந்தச் சொல் கிடையாது. சரி, ‘நான்’ என்ற சொல்லைத் தேடுங்கள் என்றேன். அதுவும் கிடையாது. நான் உன்னை விரும்புகிறேன், நீ எனக்கு வேண்டும் என்ற பேச்சே இல்லாத காதல் பாட்டு!

அப்படியானால் என்னதான் சொல்கிறது? அதிகம் பழகாத இருவரில் ஒருவர் இறங்கி வருவதைச் சொல்கிறது. இருவருக்கும் பயம் இருந்ததைச் சொல்கிறது. தன்னால் மாற முடியும் என்று ஒருவர் கண்டுகொள்வதையும், இதுவரை நினைத்திருந்தது தவறு என்று புரிந்துகொள்வதையும் சொல்கிறது. அது இனிப்பாகவும் இருக்கும், கசக்கவும் செய்யும் என்கிறது. மாறுவதும் தவறை உணர்வதும்தான் இந்தப் பாட்டின் விஷயம். அந்த வரிகளை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கை தூக்காத அந்த மாணவியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

பாட்டை மட்டும் கேட்டால் போதாது என்று படத்தையும் பார்த்தோம். நடனக் காட்சியில் பிள்ளைகள் வாய் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மண்டபம் கணினியில் உருவாக்கப்பட்டது. ஆடும் இருவரும் கையால் வரையப்பட்டவர்கள். கேமரா சரவிளக்கின் பக்கத்திலிருந்து கீழிறங்கி வரும்போது வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் பாடம் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், அவளை அடைச்சு வச்சிருக்கான். அடைச்சு வச்சவன்கூட எப்படி டீச்சர் சந்தோஷமா ஆடுவா?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. கதைப்படி பெல்லின் தந்தை மிருகத்தின் மாளிகையில் சிறைப்படுகிறார். அவருக்குப் பதிலாகத் தான் இருக்கிறேன், என்றென்றும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லி அவள் உள்ளே வருகிறாள். அவன் கத்துகிறான். தன்னோடு சாப்பிட வராவிட்டால் சாப்பாடே கிடையாது என்கிறான். பிறகு ஓநாய்களிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறான், நூலகத்தையே பரிசாகக் கொடுக்கிறான். ஆனாலும் அவள் கைதிதான். “பொண்ணு வேண்டாம்னு சொன்னாலும் விடாம பின்னாடியே போனா சரின்னுடுவா” என்று கதை சொல்லும் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் நான் இதையும் அதே கதையாகத்தான் கொடுத்துவிட்டேனா? மணி அடித்தது. “நாளைக்குப் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கதை எழுதிய ஆசிரியை

அன்று மாலை இந்தக் கதையின் மூலத்தைத் தேடிப் படித்தேன். இது பிரெஞ்சுக் கதை. 1740இல் மதாம் டு வில்நெவ் என்பவர் மிக நீளமாக எழுதியது. அதைச் சுருக்கி, இன்று உலகம் அறிந்த வடிவத்தைக் கொடுத்தவர் ழான்-மாரி லெப்ரான்ஸ் டு போமோன். அவர் நம்மைப் போல ஓர் ஆசிரியை!

பிரான்சிலிருந்து லண்டன் சென்று, அங்கே வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1756இல் தன் மாணவிகளைப் போன்றவர்களுக்காக ஒரு புத்தகம் வெளியிட்டார். ஓர் ஆசிரியையும் அவருடைய மாணவிகளும் உரையாடுவதுபோல அது அமைந்திருக்கிறது. புவியியல், பைபிள் கதை, இயற்கை அறிவு எல்லாம் அதில் உண்டு. இடையிடையே தேவதைக் கதைகள் வரும். கதை முடிந்ததும் மாணவிகள் கேள்வி கேட்பார்கள். அப்படி வந்த கதைகளில் ஒன்றுதான் அழகியும் மிருகமும். இன்று நாம் குழந்தைமையக் கற்பித்தல் என்கிறோம். அவர் 270 ஆண்டுகளுக்கு முன்பே கதை சொல்லி, கேட்கவிட்டு, பேசவிட்டிருக்கிறார்.

அவருடைய கதையிலும் வற்புறுத்தல் இருக்கிறது. தந்தை பறித்த ஒரு ரோஜாவுக்கு ஈடாகத்தான் மகள் போகிறாள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் உள்ளே போன பிறகு அந்த மிருகம் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். இங்கே தலைவி நீதான், நான் இருப்பது பிடிக்கவில்லை என்றால் சொல், போய்விடுகிறேன் என்கிறது. நீ சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கலாமா என்று அனுமதி கேட்கிறது. ஒவ்வோர் இரவும் என்னை மணந்துகொள்வாயா என்று கேட்கிறது. அவள் மாட்டேன் என்கிறாள். அது பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கோபமோ மிரட்டலோ கிடையாது. மூன்று மாதம் அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள், அந்த மறுப்புக்கு மதிப்பு இருந்துகொண்டே இருக்கிறது. தந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அனுப்பிவைக்கிறது.

பழைய கதையில் மிருகம் முதலிலிருந்தே மென்மையானது, மாறவேண்டியது அவளுடைய பார்வை. படத்திலோ மிருகம் முரடன், அவனும் மாற வேண்டும். ஆஷ்மன் எழுதிய பாட்டு இருவரையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

பிள்ளைகள் கண்ட விடை

மறுநாள் வகுப்பில் நான் விடை சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டேன். படத்தின் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். சிறைப்படுதல், சாப்பாட்டுச் சண்டை, ஓநாய், நூலகம், நடனம். “எந்த இடத்தில் பெல்லுக்கு விடுதலை?” என்று கேட்டேன்.

நடனம் முடிந்து இருவரும் வெளியே வருகிறார்கள். என்னோடு மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று அவன் கேட்கிறான். ஆமாம், ஆனால் அப்பாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்கிறாள். மாயக்கண்ணாடியில் அப்பா நோயோடு தவிப்பது தெரிகிறது. அவன் அந்த இடத்திலேயே அவளை விடுவிக்கிறான். அவள் போய்விட்டால் தன் சாபம் தீராமலே போகலாம் என்று தெரிந்தும் விடுகிறான். ஏன் விட்டீர்கள் என்று பணியாள் கேட்கும்போதுதான் அவளைக் காதலிப்பதாகச் சொல்கிறான். பெல் அப்போது அங்கே இல்லை. அவளிடம் சொல்லி அவளைக் கட்டிப்போடவில்லை. போகவிட்ட பிறகு, வேறு ஒருவரிடம் சொல்கிறான்.

பிள்ளைகள் கோட்டின் மேல் நடனத்துக்கு அடுத்த புள்ளியில் ‘விடுதலை’ என்று எழுதினார்கள். உடனே கேள்வி கேட்ட மாணவி, “அப்போ ஆடும்போது அவ கைதிதானே டீச்சர்? நான் கேட்டது சரிதானே?” என்றாள். “சரிதான்” என்றேன். பெரிய நிறுவனம் எடுத்த, விருது வாங்கிய படம் என்பதற்காக அவளுடைய கேள்வியை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன், வழக்கமாக வாயே திறக்காதவன், சொன்னான்: “டீச்சர், படம் முடியிறப்போ மறுபடி ஆடுறாங்க. அதே பாட்டுதான் வருது. அப்போ அவளா திரும்பி வந்திருக்கா. அதுதான் நிஜ ஆட்டம்.”

வகுப்பு கை தட்டியது. நானும் தட்டினேன். அவன் சொல்லும்வரை இரண்டு நடனங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முதல் ஆட்டத்தின்போது அவளால் வாசலைத் தாண்டிப் போக முடியாது. கடைசி ஆட்டத்தின்போது முடியும், இருந்தும் இருக்கிறாள். அந்த வேறுபாட்டைப் பதினான்கு வயதுப் பையன் கண்டுபிடித்துவிட்டான். ‘சம்மதம்’ என்ற சொல்லை அன்று கரும்பலகையில் எழுதினோம். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

வகுப்புக்குச் சில குறிப்புகள்

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில. முதலில் பாட்டின் ஒலியைத் தாருங்கள், பொருள் பிறகு வரட்டும். ஐந்து தட்டில் எல்லாப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்.

இந்தப் பாட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று படத்துக்குள் லான்ஸ்பரி பாடியது. மற்றொன்று முடிவில் பெயர்கள் ஓடும்போது வரும், செலின் டியானும் பீபோ பிரைசனும் சேர்ந்து பாடிய, கிராமி விருது பெற்ற வடிவம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள். காதலர்கள் இருவரும் பாடுவதுபோல அது கேட்கும், வயதான ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வதுபோல இது கேட்கும். குரல் மாறினால் பொருள் மாறும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

படத்தை நீங்கள் முழுதாகப் பார்க்காமல் வகுப்பில் போடாதீர்கள். நான் பார்த்திருந்தும் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் என்று பிரித்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். ஒருவர் மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடவேளையின் பயன். எந்தப் பிள்ளையின் சொந்த விஷயத்தையும் வகுப்பில் எடுக்காதீர்கள். பெல்லைப் பற்றிப் பேசினால் போதும், அவர்களுக்குத் தேவையானதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பேசி முடித்த பிறகு யாராவது தனியாக வந்து எதையாவது சொல்லக்கூடும். பொறுமையாகக் கேளுங்கள். 1098, 14417 ஆகிய உதவி எண்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

நிறைவாக ஒன்று. அந்த நடனக் காட்சியில் மிசஸ் பாட்ஸ் தனியாக இல்லை. அவர் பக்கத்தில் சிப் என்ற சின்னக் கோப்பை, அவருடைய பிள்ளை, நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். பாட்டு முடிந்ததும் நேரமாகிவிட்டது, போய்த் தூங்கு என்று அவர் அதை அனுப்பிவைப்பார். அருகில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டுதான் அவர் அந்தப் பாட்டைப் பாடுகிறார். கண்ணை மூடு என்று சொல்லவில்லை. காதலைப் பற்றி ஒரு பெரியவர் குழந்தையின் காது கேட்க எப்படிப் பேசலாமோ, அப்படிப் பேசுகிறார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடிதம் கையில் கிடைத்தபோது எனக்கு அப்படிப் பேசத் தெரியவில்லை. அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் நாளில் அவளைத் தேடிப்போய், “அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா” என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “பரவால்ல டீச்சர்” என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்னது என் மேல் உள்ள மரியாதையால் என்று எனக்குத் தெரியும். இன்று உங்கள் கையில் அப்படி ஒரு கடிதம் கிடைத்தால், தயவுசெய்து சத்தமாகப் படிக்காதீர்கள்.